நீலக் கொடியும் ஐந்து வருட வாரன்ட்டியும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற யாவரும் நலம். அங்கே நீயும், உனக்குத் துணையாக வந்திருக்கும் என் அக்காவும், ஒழுகுவதாகச் சொன்ன அந்தக் குளியலறைக் குழாய் நீங்கலாக, நலமாய் இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் புதுக் கார் பரம சௌக்கியம். எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் பதினாலாம் நம்பர் தூணுக்குப் பக்கத்தில், நீ நிறுத்திவிட்டுப் போனபடியே நிற்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அழகுக்காக வைத்திருக்கிறார்கள் போலும். அதைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம்.

நிற்க. போன மாதம் நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு என் களைப்புதான் காரணம். இந்த வயதில் ஒரு மனிதனிடம் எல்லோரும் ஆலோசனை கேட்டால் அவன் என்னதான் செய்வான்? நீ கேட்டது எனக்கு மனப்பாடம். "மாமா, ட்ராக் டேக்கு கார எடுத்துட்டுப் போனா அஞ்சு வருஷ வாரன்ட்டி போயிடுமா? டேஷ்போர்டுக்குள்ள இருக்குற புத்தகத்த மட்டும் படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. இந்த மாசத்துக்கு நான் பதிவு பண்ணி வெச்ச இடம் போனாப் போகுது, அடுத்த வருஷத்துக்குத் தெரிஞ்சா போதும். வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம். வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம் மாமா." கடைசி வரியை இரண்டு தடவை எழுதியிருந்தாய். என்மேல் உனக்கு எவ்வளவு அக்கறை என்று உன் அத்தையிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்கத் தகுந்த ஆளைத்தான் கேட்டாய். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவன் நான். ஒரு விபத்து உண்டா? கிடையாது. இடது வலது திருப்புகிற வேலை அதில் குறைச்சல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்துகிற கலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அது கைப்பிடி போட்ட பழைய லிஃப்ட். ஆள் நிற்கிற மாடியில் நாமாகத்தான் பார்த்து நிறுத்த வேண்டும். தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை வித்தியாசம் வராமல் நிறுத்துவேன். அதைப் பார்க்கவே வெளியிலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள், ஆறு பேர், இல்லை, பத்துப் பேர் இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு போனார்கள். உன் அம்மா ஒருத்திக்குத்தான் என் அருமை தெரியவில்லை. "ஏறுனே, எறங்குனே. ஆயுசு பூரா எங்கடா போனே தம்பி?" என்று நாலு பேர் நடுவில் கேட்பாள். போகட்டும், அது பழைய கதை.

முதலில் புத்தகத்தைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். மருமகனே, அதை எழுதியவன் எறும்பாகத்தான் இருக்க வேண்டும், எழுத்து அந்த அளவு. நூற்று எண்பது பக்கம். என் கண்ணாடி போதாமல் அத்தையின் கண்ணாடியை அதன்மேல் போட்டுக்கொண்டேன், அப்போது எழுத்து தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. மூன்று நாள் போராடினேன். நான்காம் நாள் அத்தை வந்து, காய் நறுக்கின கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து இறங்கி ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஏறக்குறைய அந்தப் பக்கத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். "போட்டி, பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் வண்டியைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது" என்று இருந்தது. முடிந்ததா? முடியவில்லை. ட்ராக் டே என்பது போட்டியா இல்லையா என்று எங்களுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. உன் பதிவுச் சீட்டில் இருந்த நம்பருக்கு போன் போட்டேன். அந்தப் பையன், "சார், இது ரேஸே இல்ல சார். ரேஸ் மைதானத்த ஒரு நாள் தொறந்து விடுவோம், அவங்கவங்க வண்டியில அவங்கவங்க சுத்திட்டுப் போவாங்க, யாருக்கும் கப்பு கிடையாது" என்றான். உன் அத்தை உடனே பிடித்துக்கொண்டாள்.

"யாருமே மொதல்ல வரலேன்னா அப்புறம் எதுக்குங்க அவ்வளவு வேகமா ஓட்டுறாங்க?"

"அது ஒரு திருப்தி."

"திருப்திக்கு வாரன்ட்டி உண்டான்னு கேளுங்க."

இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த விஷயத்தை முடிப்பது? ஆகவே நேராக சர்வீஸ் சென்டருக்கே போனேன். கேட்க வேண்டாம் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, அதனால்தான் மிகவும் தந்திரமாகக் கேட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்தாள். "அம்மா, என் சிநேகிதர் ஒருத்தர் இருக்காரு, அவரு புதுக் காரு வாங்கியிருக்காரு, அத ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போனா உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் நின்ற உன் காரைப் பார்த்தாள், நம்பரைக் குறித்துக்கொண்டாள். "நாங்க கண்டுபிடிக்க வேண்டாம் சார். வண்டியே சொல்லிடும். எவ்வளவு வேகம், எத்தன தடவ பிரேக், எந்தக் கதவு எப்பத் தொறந்துச்சு, எந்த எடத்துல நின்னுச்சு, எல்லாத்தையும் அது ஞாபகம் வெச்சுக்கும்" என்றாள். உன் அத்தையோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு அதிசயமா? நான் கலங்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தேன்.

ஆனால் அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தேன். ஏட்டில் படித்தாயிற்று, ஆளிடம் கேட்டாயிற்று, இனி நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது அழகல்ல. உன் பெயரில் இடமும் சும்மாக் கிடக்கிறது. உன் காரைத் தொடுவேனா? தொடமாட்டேன். என் பழைய வேன் இருக்கிறதே. அதன் வாரன்ட்டி நான் வாங்குவதற்கு முன்பே காலமாகிவிட்டது. இழக்க ஒன்றும் இல்லாத வண்டி, களைத்த மனிதன், பொருத்தம் என்றால் அதுவல்லவா பொருத்தம்!

விடிந்ததும் புறப்பட்டேன். ஊருக்கு வெளியே, சிமென்ட் கிடங்குகளைத் தாண்டி அந்த மைதானம். முதலில் ஒரு தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். முடியை ஒட்ட வெட்டிய ஒரு பயிற்சியாளர் அம்மாள் பலகையில் படம் போட்டு விளக்கினாள். வந்தவர்கள் எல்லாம் உன் வயசு, தோளில் கட்டம் போட்ட சட்டை. நான் மட்டும் முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, பாக்கெட்டில் பேனாவோடு போயிருந்தேன், எல்லோரும் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். எனக்குக் கொடுத்த ஹெல்மெட்டை உடனே மாட்டிப் பார்த்தேன். மாட்டியது மாட்டியதுதான். கழற்ற வரவில்லை. அதனால் அந்த அம்மாள் சொன்ன பாடமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. "கொடி" என்பது பல தடவை வந்தது. மற்றதை அனுபவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் பார்க்க வேறு யாரும் நம் ஆள் இல்லாததால் சொல்கிறேன். என் வேன் நூற்றறுபதைத் தொட்டது. திரையில் அந்த எண்ணே சிவப்பாக வந்தது, வேனுக்கு ஏது திரை என்று கேட்காதே, இப்போது எல்லாவற்றுக்கும் வைக்கிறார்கள். வளைவுகளில் டயர் அழுதது, நான் அழவில்லை. எனக்கு முன்னால் போனவர்களைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. இதைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒரு ஆள் நிற்கிறான். என்னைக் கண்டதும் நீலக் கொடியை எடுத்து ஆட்டினான். அடுத்த வளைவில் அடுத்தவன், நீலக் கொடி. அதற்கடுத்த வளைவிலும் நீலக் கொடி. வேறு யாருக்கும் ஆட்டவில்லை மருமகனே, எனக்கு மட்டும்! அந்த மரியாதையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. துடைக்கலாம் என்றால் ஹெல்மெட் விடவில்லை. இறங்கி வந்தபோது அந்தப் பயிற்சியாளர் அம்மாள் ஓடி வந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, "இந்த மைதானத்துல இப்படி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்ல சார்" என்றாள். இதை உன் அம்மாவிடம் அவசியம் சொல்லவும். வார்த்தை மாறாமல் சொல்லவும்.

அன்றிலிருந்து நான் ஓய்வில் இருக்கிறேன். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம், கழுத்துக்கு ஒரு பட்டை. எழுந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்ததில் இரண்டும். ஆகவே என் தீர்ப்பு இதுதான். வாரன்ட்டியா, ட்ராக்கா என்றால், புதுக் காரை வீட்டில் வை, பழசை அங்கே கொண்டுபோ. ட்ராக்குக்கு வேண்டியது ஓட்டுகிறவனின் திறமைதான்; வண்டி எதுவாக இருந்தாலும் சரி.

உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல பெண்ணும், ஒழுகாத குழாயும் கிடைக்க ஆசீர்வதிக்கிறேன். உன் காருக்கும் அதில் பாதி ஆயுள் உண்டாகட்டும். அக்காவுக்கு என் வணக்கம். அத்தை உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இப்போது கிழித்துத் திறந்து எழுதுகிறேன். மேலே "என் வேன்" என்று வருகிற இடத்திலெல்லாம் "உன் கார்" என்று படித்துக்கொள்ளவும். "நூற்றறுபது" என்று வருகிற இடத்தில் "முப்பத்தெட்டு" என்று படித்துக்கொள்ளவும். கோபப்படுவதற்கு முன்னால் முழுக்கப் படி.

என் வேன் பேட்டரி செத்து எட்டு மாதம் ஆகிறது. அதன்மேல் அத்தை போர்வை உலர்த்துகிறாள். அதுவுமில்லாமல் உன் பதிவில் கார் நம்பர் போட்டிருந்தது, வேறு வண்டியை வாசலிலேயே விடமாட்டார்களாம். உன் இடம் வீணாகப் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு சுற்று மெதுவாகப் போய்விட்டு வந்துவிடலாம், உனக்கு நேரில் கண்ட மாதிரி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்த மறுநாள்தான் அந்த மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. பத்து நாள் போர்வையைப் போட்டு மூடிப் பார்த்தேன். சாவியைப் போடும்போதெல்லாம் உள்ளே எரிந்தது. இன்று காலை, தபால்பெட்டிக்குப் போகிற வழியில், அத்தை என் கையிலிருந்து உன் கார் சாவியை வாங்கி, "மொதல்ல அங்க, அப்புறம் தபாலு" என்று சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

கழுத்தில் அட்டை மாட்டிய அதே பெண். என்னைப் பார்த்ததும், "சிநேகிதர் எப்படி இருக்காரு சார்?" என்றாள். அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார், வண்டிகளைப் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டராம், கையில் நாலு தாள். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன உறுப்பு, பிறக்கும்போதே கோளாறாம், வாரன்ட்டியில் மாற்றித் தர வேண்டியதுதானாம். "ஆனா வண்டி ரேஸ் மைதானத்துக்குள்ள இருந்திருக்கு. பந்தயத்துல ஓட்டியிருந்தா இதுவும் இல்ல, மிச்சம் இருக்குற நாலே முக்கால் வருஷமும் இல்ல" என்றார். மருமகனே, பன்னிரண்டாம் மாடியில் கயிறு அறுந்த லிஃப்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. நீ அந்தக் காருக்காக எத்தனை வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாய் என்று எனக்குத் தெரியாதா?

அத்தைதான் கேட்டாள். "எவ்வளவு வேகமா ஓட்டினாருன்னு அதுல இருக்குமா?"

"இருக்கும்மா. அதான் எனக்கும் புரியல." அவர் தாளைத் திருப்பினார். "உச்ச வேகமே முப்பத்தெட்டு. இருபது நிமிஷத்துல ஒரே ஒரு சுத்து. ஒம்பது எடத்துல வண்டி நின்னுருக்கு. ஒம்பது தடவையும் எடது பக்கக் கதவு தொறந்து மூடியிருக்கு. மூணாவது வளைவுலேருந்து ஆறாவது வளைவு வரைக்கும் பக்கத்து சீட்ல ஒரு ஆளு. அங்க என்னதான் சார் பண்ணீங்க?"

என்ன பண்ணினேன்? ஆள் நின்றான், நிறுத்தினேன். முப்பத்தொரு வருடப் பழக்கம். ஒருத்தன் நின்றுகொண்டு கையைக் காட்டினால் அவனைத் தாண்டிப் போக என் கால் சம்மதிக்காது. ஓரமாகக் கொண்டுபோய், புல்லுக்கும் தாருக்கும் விரற்கடை பிசகாமல் நிறுத்தி, கதவைத் திறந்து, "மேலயா, கீழயா?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. நீலக் கொடி என்றால் "பின்னால வேகமா வர்றவனுக்கு வழி விடு" என்று அர்த்தமாம். நான் மெதுவாகப் போவதால் கொடி ஆட்டுகிறான், கொடி ஆட்டுவதால் நான் நிற்கிறேன், நிற்பதால் இன்னும் மெதுவாகிறேன், அடுத்தவன் இன்னும் பலமாக ஆட்டுகிறான். இன்ஸ்பெக்டர் இதை விளக்கும்போது கழுத்தில் அட்டை மாட்டிய பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எட்டுப் பேர் என்னைத் திட்டினார்கள். ஹெல்மெட் புண்ணியத்தில் முழுக்கக் கேட்கவில்லை. மூன்றாவது வளைவில் நின்றவனுக்கு மட்டும் முட்டி வலி. அவன் வேலை முடிந்து மாற்று ஆளும் வந்துவிட்டானாம், ஆனால் ஆறாவது வளைவில் இருக்கிற ஓய்வறைக்குப் போக வேலியோரம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டான். கொடியை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வழியில், "நீங்க எங்க சார் போறீங்க?" என்று கேட்டான். மருமகனே, முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியிருப்பேன்! எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "சும்மா ஒரு சுத்து" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். "இது பந்தயம் இல்லன்னு நான் எழுதிடுறேன் சார். ஆனா இந்த வேகமும் இந்த நிறுத்தமும் சரிதான்னு ஓட்டினவரு கையெழுத்துப் போடணும்." பேனாவை எடுத்தேன். நூற்றறுபது ஏற்கெனவே உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதை எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று, முடிவெட்டுகிறவரிடம் சொல்லியாயிற்று, பழைய ஆபீஸ்காரர்கள் நாலு பேரிடம் சொல்லியாயிற்று, அதில் ஒருவரிடம் நூற்றெண்பது என்றே சொல்லியிருந்தேன். கையெழுத்துப் போட்டால் இனிமேல் சாகிற வரைக்கும் நான் முப்பத்தெட்டு. போடாவிட்டால் உன் ஐந்து வருடம் அங்கேயே முடிந்தது. "வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அழுத்தவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள்.

போட்டுவிட்டேன். தேதியும் போட்டேன். உறுப்பை மாற்றிவிட்டார்கள், விளக்கு அணைந்துவிட்டது, உன் வாரன்ட்டி முழுசாக இருக்கிறது. வெளியே வரும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்து எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கிண்டலா மரியாதையா என்று பார்க்கக்கூடத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆகவே மேலே எழுதிய தீர்ப்பும் ரத்து. நீ ஓட்டினால் வாரன்ட்டி போகும். நான் ஓட்டினால் நிற்கும். அடுத்த வருடம் வா, என்னோடு பக்கத்தில் உட்கார். ஒன்பது இடத்தில் நிறுத்துவேன், பொறுத்துக்கொள்.

ஒரே ஒரு உதவி. பின்குறிப்புக்கு முன்னால் இருக்கிறதை உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. நூற்றறுபது வரும்போது கொஞ்சம் நிறுத்தி வாசி. இந்தத் தாளை மட்டும் நீ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்.